பனித்தீவில் ஒரு பந்து

நுழையும்முன்

விளையாட்டின் உயர்வை நாம் பெரும்பாலும் பெரிய நாடுகளிலும் பெரும்பணம் புழங்கும் போட்டிகளிலும் தேடுகிறோம். நான்கு இலட்சம் பேர்கூட வாழாத ஐஸ்லாந்து என்னும் தீவு நாடு, நீண்ட குளிரும் இருளும் விட்டுவைக்கும் மாதங்களில் தன் முதல்நிலைக் கால்பந்துத் தொடரை நடத்துகிறது. அத்தொடர் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது, அண்மைப் பருவங்களில் அதற்குக் கிடைத்த வெற்றி அதன் முன்னே எத்தகைய வினாவை எழுப்பியுள்ளது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பந்து வாங்கக் கூடிய சிறுவர்கள்

1908ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக் நகரில் சிறுவர்கள் சிலர் ஒன்றுகூடினர். அவர்களுக்குக் கால்பந்து ஒன்று வேண்டும். அன்றைய நிலையில் அதைத் தனியொருவர் வாங்குவது எளிதன்று. ஆகவே, எல்லாரும் சேர்ந்து காசு திரட்டுவது என்று முடிவு செய்தனர். அதற்கென ஒரு சங்கமும் அமைத்தனர். அச்சங்கமே ‘வீக்கிங்குர்’ என்னும் கால்பந்துக் கழகமாக வளர்ந்து, நூறாண்டுகளுக்குப் பின்னரும் நாட்டின் முதல்நிலைத் தொடரில் பட்டம் வெல்லும் கழகமாக விளங்குகிறது.

ஒரு பந்துக்காகப் பலர் கூடினர் என்னும் இச்செய்தி சிறியதுதான். ஆயினும், ஐஸ்லாந்துக் கால்பந்தின் இயல்பைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. அங்குக் கழகம் என்பது செல்வர் ஒருவரின் உடைமையாக உருவாகவில்லை. பகுதிவாழ் மக்கள் கூடி அமைத்த சங்கமாகவே உருவாயிற்று. ஒரே கழகத்தின்கீழ்க் கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து முதலிய பல பிரிவுகள் இயங்குகின்றன. சிறுவர் முதல் முதியவர் வரை பலரும் அதன் உறுப்பினர்கள். முதல்நிலை அணி என்பது அந்த மரத்தின் உச்சிக்கிளை மட்டுமே.

நிலமும் பருவமும்

வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி அமைந்துள்ள நாடு ஐஸ்லாந்து. பரப்பளவு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். எரிமலைகளும் பனிப்பாறைகளும் எரிமலைக் குழம்பு உறைந்த பாலைநிலங்களும் நாட்டின் நடுப்பகுதியை நிறைத்துள்ளன. மக்கள் பெரும்பாலும் கடலோரங்களில் வாழ்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவர் ரெய்க்யவிக் நகரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சார்ந்தவர்கள்.

ஜூன் மாதத்தில் அங்கு இரவு முழுமையாக இருள்வதில்லை. டிசம்பர் மாதத்திலோ பகலொளி நாளொன்றுக்கு நான்கு மணிநேர அளவே கிடைக்கிறது. குளிர்காலக் காற்றும் உறைபனியும் புல் வளர இடந்தருவதில்லை. ஆகவே, ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கி மே மாதத்தில் முடியும் கால்பந்துப் பருவம், ஐஸ்லாந்தில் தலைகீழாக அமைகிறது. அங்கு ஏப்ரலில் தொடங்கும் தொடர் அக்டோபரில் நிறைவடைகிறது. பிற நாட்டு அணிகள் ஓய்வில் இருக்கும் கோடையே ஐஸ்லாந்து அணிகளின் ஆடுகாலம்.

மூன்று அணிகளுடன் ஒரு தொடக்கம்

ஐஸ்லாந்தின் தேசியக் கால்பந்துப் பட்டப்போட்டி முதன்முதலாக 1912ஆம் ஆண்டு நடைபெற்றது. பங்கேற்ற அணிகள் மூன்றே. அவற்றுள் இரண்டு ரெய்க்யவிக் நகரைச் சேர்ந்தவை. மூன்றாவது அணி, தென்கடற்கரைக்கு அப்பால் உள்ள வெஸ்ட்மன் தீவுகளிலிருந்து வந்தது. 1899ஆம் ஆண்டு தோன்றிய, நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கழகமான கே.ஆர். முதல் பட்டத்தை வென்றது. அக்கழகமே 27 பட்டங்களுடன் இன்றும் முதலிடத்தில் உள்ளது. 23 பட்டங்களுடன் வாலுர் அதைத் தொடர்கிறது.

தொடக்கக் காலத்தில் பட்டம் தலைநகரைவிட்டு வெளியே செல்லவில்லை. 1951ஆம் ஆண்டுதான் அந்நிலை மாறிற்று. ரெய்க்யவிக் நகருக்கு வடக்கே, விரிகுடாவின் மறுகரையில் உள்ள அக்ரானெஸ் என்னும் மீன்பிடி ஊரின் அணியான ஐ.ஏ. அவ்வாண்டு பட்டம் வென்றது. அதன்பின் அவ்வூர் அணி, 1992 முதல் 1996 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் வென்றதும் சேர்த்து, மொத்தம் 18 பட்டங்களைப் பெற்றுள்ளது. அக்ரானெஸின் மக்கள்தொகை இன்றும் பத்தாயிரத்தை எட்டவில்லை.

வெஸ்ட்மன் தீவுகளின் கதை இன்னும் அரியது. 1973ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், அத்தீவுக் கூட்டத்தில் மக்கள் வாழும் ஒரே தீவாகிய ஹெய்மேயில், ஊருக்கு அருகிலேயே நிலம் பிளந்து எரிமலை வெடித்தது. துறைமுகத்தில் நின்றிருந்த மீன்பிடிப் படகுகளில் ஏறி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்த ஓரிரவிலேயே தீவைவிட்டு வெளியேறினர். பல நூறு வீடுகள் சாம்பலிலும் எரிமலைக் குழம்பிலும் புதைந்தன. மாதங்கள் கழிந்து எரிமலை அடங்கியபின், மக்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து சாம்பலை அகற்றி ஊரை மீட்டெடுத்தனர். ஆறு ஆண்டுகளுக்குப்பின், 1979இல் அவ்வூரின் அணியான ஐ.பி.வி. தன் வரலாற்றில் முதன்முறையாகத் தேசியப் பட்டத்தை வென்றது. ஊர் மீண்டெழுந்தது என்பதை ஊராருக்கே உணர்த்திய வெற்றி அது எனலாம்.

> தெரிந்து தெளிவோம்
>
> ஐஸ்லாந்துக் கழகங்களின் பெயர்கள் அந்நாட்டு மொழியின் வளத்தைக் காட்டுவன. ‘வாலுர்’ என்பது வல்லூறு என்னும் பறவையைக் குறிக்கும். ‘ஃபிராம்’ என்பதற்கு முன்னே என்று பொருள். ‘ஸ்ட்யார்னன்’ என்பது விண்மீன். ‘பிரெய்தாபிலிக்’ என்பது பரந்த ஒளி எனப் பொருள்படும்; வடதிசைப் பழங்கதைகளில் பால்டர் என்னும் தெய்வத்தின் ஒளிமிகு மாளிகைக்கு வழங்கும் பெயர் அது. ‘வீக்கிங்குர்’ என்பது பழங்காலக் கடலோடிகளான வைக்கிங்குகளைக் குறிப்பது.

தொடர் நடைபெறும் முறை

முதல்நிலைத் தொடர் 2022ஆம் ஆண்டு முதல் ‘பெஸ்டா டெய்ல்ட்’ என்று வழங்கப்படுகிறது. மிகச்சிறந்த பிரிவு என்பது அப்பெயரின் பொருள். 2008 முதல் இதில் 12 அணிகள் ஆடி வருகின்றன. ஒவ்வோர் அணியும் ஏனைய 11 அணிகளுடன் தன் ஊரில் ஒருமுறையும் எதிரணியின் ஊரில் ஒருமுறையும் மோதும். இவ்வாறு 22 சுற்றுகள் நடைபெறும்.

2021 வரை தொடர் 22ஆம் சுற்றுடன் முடிந்தது. ஆண்டுக்கு 22 ஆட்டங்கள் போதா. சமவலிமை உள்ள அணிகள் தம்முள் மேலும் மோதினால்தான் ஆட்டத்தரம் உயரும் என்னும் கருத்தால் 2022 முதல் முறை மாற்றப்பட்டது. 22 சுற்றுகள் முடிந்ததும் புள்ளிப்பட்டியல் இரண்டாகப் பிரிக்கப்படும். மேல் ஆறு அணிகள் தம்முள்ளும் கீழ் ஆறு அணிகள் தம்முள்ளும் இன்னும் ஐந்து ஆட்டங்கள் ஆடும். முன்பு பெற்ற புள்ளிகள் அப்படியே தொடரும். ஆக, ஓர் அணிக்கு மொத்தம் 27 ஆட்டங்கள். முதலிடம் பெறும் அணி ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் போட்டியின் தகுதிச்சுற்றில் ஆடும் வாய்ப்பைப் பெறும். கடைசி இரண்டு இடங்களைப் பெறும் அணிகள் அடுத்த ஆண்டு இரண்டாம் நிலைக்கு இறங்கும்.

இதனால் பட்டப்போட்டியும், இறங்காமல் தப்பிக்கும் போராட்டமும் பெரும்பாலும் இறுதி வாரங்கள்வரை நீடிக்கின்றன. 2014ஆம் ஆண்டின் இறுதிநாள் இதற்குத் தக்க சான்று. அன்று எஃப்.எச்., ஸ்ட்யார்னன் ஆகிய இரு அணிகளும் பட்டத்துக்காக நேருக்கு நேர் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டி உதையைக் கோலாக்கி ஸ்ட்யார்னன் 2–1 என வென்றது. ஒரு தோல்வியும் காணாமல் தன் முதல் பட்டத்தையும் அது கைக்கொண்டது.

கூரையின்கீழ் வளர்ந்த தலைமுறை

ஆண்டின் பெரும்பகுதி ஆடுகளம் உறைந்து கிடக்கும் நாட்டில் வீரர்கள் எவ்வாறு உருவாகின்றனர்? முற்காலத்தில் இளையோர் குளிர்காலத்தில் சரளைக்கல் தரைகளிலும் சிறிய உடற்பயிற்சிக் கூடங்களிலும் பயின்றனர். பந்தைத் துல்லியமாகக் கையாளும் திறன் அத்தகைய சூழலில் வளர்வது அரிது. இக்குறையைத் தீர்க்க, முழு அளவிலான கால்பந்துக் களத்தையே கூரையின்கீழ் அமைக்கும் திட்டம் உருவாயிற்று. இவ்வகை உள்ளரங்குகளில் முதலாவது, 2000ஆம் ஆண்டு கெப்லவிக் பகுதியில் திறக்கப்பட்டது. தொடர்ந்து கோபவோகுர், ரெய்க்யவிக், அகுரேரி, அக்ரானெஸ் முதலிய ஊர்களிலும் அவை எழுந்தன. பள்ளிகளை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட சிறிய செயற்கைப் புல்தரைகளும் அமைக்கப்பட்டன.

இங்கு நாம் கருத்தில் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, இவ்வரங்குகளைக் கட்டியவை பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்களே. ஆதலால், அவை புகழ்பெற்ற வீரர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. மாலையில் ஆறு வயதுச் சிறுமி ஆடும் அதே தரையில் இரவில் முதல்நிலை அணியும் பயிற்சி பெறும். இரண்டாவது, பயிற்றுநர்களின் தகுதி. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் வகுத்த பாடத்திட்டத்தின்படி பயிற்றுநர் சான்றிதழ் பெறுவதை ஐஸ்லாந்துக் கால்பந்துச் சங்கம் ஊக்குவித்தது. வேறு நாடுகளில் சிறுவர் அணிகளைப் பெரும்பாலும் ஆர்வமுள்ள பெற்றோரே பயிற்றுவிப்பர். ஐஸ்லாந்திலோ சிறுவர் அணிகளுக்கும் முறையாகக் கற்று, ஊதியம் பெறும் பயிற்றுநர்கள் வாய்த்தனர்.

மகளிர் கால்பந்தும் இவ்வசதிகளால் வளம் பெற்றது. மகளிருக்கான தேசிய லீக் 1972ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஐரோப்பியக் கோப்பைப் போட்டிக்கு ஐஸ்லாந்து மகளிர் அணி 2009ஆம் ஆண்டே தகுதி பெற்றது. ஆடவர் அணி அந்நிலையை எட்டியது அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின்னரே என்பது குறிப்பிடத்தக்கது.

உள்ளரங்குகளில் வளர்ந்த தலைமுறை, லீக் தொடரில் தன் வரவை விரைவில் உணர்த்தியது. 2010ஆம் ஆண்டு கோபவோகுர் நகரின் பிரெய்தாபிலிக் கழகம் இளம் வீரர்களைக் கொண்டு தன் முதல் பட்டத்தை வென்றது. அவ்வணியில் ஆடிய ஆல்ஃபிரெத் ஃபின்போகாசன், 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கோல் அடித்தார். உலகக் கோப்பை வரலாற்றில் ஐஸ்லாந்து அடித்த முதல் கோல் அதுவே.

உழைப்பும் ஆட்டமும்

2016ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஐஸ்லாந்து அணி இங்கிலாந்தை 2–1 என வீழ்த்திக் கால் இறுதிக்குள் நுழைந்தது. 2018இல் உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது. அதுவரை உலகக் கோப்பையில் ஆடிய நாடுகளுள் மக்கள்தொகையில் மிகச் சிறியது ஐஸ்லாந்துதான். அவ்வணியின் வீரர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டுக் கழகங்களில் ஆடியவர்கள். ஆயினும், அவர்களை வளர்த்தெடுத்தவை உள்நாட்டுக் கழகங்களே.

அந்த உலகக் கோப்பை அணியில் இருந்த பிர்கிர் மார் சேவர்சன், அப்போது உள்நாட்டு லீக்கில் வாலுர் கழகத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் போக எஞ்சிய நேரத்தில் உப்பைப் பொட்டலமிடும் ஆலை ஒன்றில் அவர் வேலை பார்த்தார். அர்ஜென்டினாவின் மெஸ்ஸி உதைத்த பெனால்டியைத் தடுத்த கோல்காப்பாளர் ஹான்னெஸ் ஹால்டோர்சன் ஒரு திரைப்பட இயக்குநர். அணியின் பயிற்றுநர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன், எரிமலை வெடித்த ஹெய்மே தீவில் பல் மருத்துவராகப் பணியாற்றியவர். அத்தீவின் அணியைப் பயிற்றுவித்த பின்னரே தேசிய அணிக்கு வந்தவர்.

இச்செய்திகளை உலக ஊடகங்கள் வியப்புக்குரியனவாக எழுதின. ஐஸ்லாந்து லீக்கிலோ இது நெடுநாள் வழக்கம். ஆட்டத்தின் வருவாய் மட்டும் வாழ்க்கை நடத்தப் போதாதபோது, வீரர்கள் படிப்பையோ வேறு பணியையோ தொடர்வது இயல்பு. திறன்மிக்க இளைஞர்கள் டென்மார்க், நார்வே, சுவீடன் முதலிய நாடுகளுக்கு விரைவிலேயே சென்றுவிடுகின்றனர். தன் சிறந்த வீரர்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இயலாது என்பதை இந்த லீக் நன்கு அறியும். ஆதலால், வளர்த்து அனுப்புவதையும், முதிர்ந்து திரும்புவோரை வரவேற்பதையும் தன் கடமையாக அது ஏற்றுக்கொண்டது.

பள்ளத்தாக்கின் இரு கரைகள்

இனி, அண்மைப் பருவங்களை நோக்குவோம். 2018இல் வாலுர், 2019இல் கே.ஆர். எனப் பழம்பெருங் கழகங்களே பட்டம் வென்றன. 2020ஆம் ஆண்டு, பெருந்தொற்றின் காரணமாகத் தொடர் முழுமையடையாமலே நிறுத்தப்பட்டது. அப்போது முதலிடத்தில் இருந்த வாலுர் வாகையர் என அறிவிக்கப்பட்டது. அதன்பின் வந்த ஐந்து ஆண்டுகளில் பட்டம் இரண்டே கழகங்களிடையே மாறி மாறிச் சென்றது. 2021இல் வீக்கிங்குர், 2022இல் பிரெய்தாபிலிக், 2023இல் வீக்கிங்குர், 2024இல் பிரெய்தாபிலிக், 2025இல் மீண்டும் வீக்கிங்குர்.

இவ்விரு கழகங்களும் நெருங்கிய அண்டை வீட்டார். ரெய்க்யவிக் நகருக்கும் கோபவோகுர் நகருக்கும் எல்லையாக அமைந்துள்ளது ஃபோஸ்வோகுர் பள்ளத்தாக்கு. வீக்கிங்குரின் ஆடுகளம் அப்பள்ளத்தாக்கில் தலைநகரின் பக்கம் இருக்கிறது. மறுபுறம், சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பிரெய்தாபிலிக்கின் ஆடுகளம். பந்து வாங்கச் சிறுவர்கள் தொடங்கிய பழைய கழகம் ஒன்று. வளர்ந்து வந்த புறநகரில் 1950ஆம் ஆண்டு தோன்றிய புதிய கழகம் மற்றொன்று.

2021ஆம் ஆண்டு 22 சுற்றுகளின் முடிவில் வீக்கிங்குர் 48 புள்ளிகளையும் பிரெய்தாபிலிக் 47 புள்ளிகளையும் பெற்றிருந்தன. ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் வீக்கிங்குர் முப்பது ஆண்டுகளுக்குப்பின் பட்டம் வென்றது. அவ்வாண்டே தேசியக் கோப்பையையும் கைப்பற்றியது. அவ்வணியின் தற்காப்பு அரணாக நின்ற காரி அர்னாசன், சோல்வி கேய்ர் ஓட்டெசன் ஆகிய இருவரும் இளமையில் வீக்கிங்குரில் பயின்று, நெடுங்காலம் வெளிநாடுகளில் ஆடி, பின்னர் தாய்க்கழகத்துக்குத் திரும்பியவர்கள். பட்டத்தை வென்று தந்தபின் இருவரும் ஓய்வு பெற்றனர். அணியின் பயிற்றுநர் ஆர்னார் குன்லாக்சன், ஐந்து தொடர் பட்டங்களுள் முதலாவதை 1992இல் வென்ற அக்ரானெஸ் அணியில் ஆடியவர். இவர் 2025இல் தேசிய அணியின் பயிற்றுநரானார். அவர் விட்டுச்சென்ற பொறுப்பைச் சோல்வி ஏற்று, அவ்வாண்டே பட்டமும் வென்றார். வளர்ந்த இடத்துக்கே திரும்பி வந்து பிறரை வளர்த்தல் என்னும் மரபு இதனால் விளங்கும்.

எல்லை கடந்த ஆட்டம்

ஐஸ்லாந்துக் கழகங்கள் நெடுங்காலமாக ஐரோப்பியப் போட்டிகளின் தகுதிச்சுற்றுகளோடு வெளியேறிவந்தன. 2023ஆம் ஆண்டு பிரெய்தாபிலிக் அத்தடையைத் தகர்த்தது. ஐரோப்பியப் போட்டி ஒன்றின் குழுச்சுற்றில் நுழைந்த முதல் ஐஸ்லாந்து ஆடவர் கழகம் என்னும் பெருமையை, கான்ஃபரன்ஸ் லீக் போட்டியில் அது பெற்றது. எனினும், ஆடிய ஆறு ஆட்டங்களிலும் அது தோற்றது. அத்தோல்விகளை ஐஸ்லாந்து வீண் எனக் கருதவில்லை. கதவு திறந்தது என்றே கருதியது.

மறு ஆண்டு அக்கதவின் வழியே நுழைந்தது வீக்கிங்குர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று, பெல்ஜியத்தின் செர்க்கிள் பிரூஜ் அணியை அது 3–1 என வென்றது. இத்தகைய சுற்றில் ஐஸ்லாந்துக் கழகம் ஒன்று பெற்ற முதல் வெற்றி அது. அந்த ஆட்டம் நடைபெற்ற இடம் வீக்கிங்குரின் ஆடுகளம் அன்று; போட்டியாளரான பிரெய்தாபிலிக்கின் ஆடுகளம். ஐரோப்பிய விதிகளுக்கேற்ற மின்விளக்கு வசதி இல்லாமையால், ஆட்டத்தைப் பணிநாளின் பிற்பகலிலேயே தொடங்க வேண்டியிருந்தது.

மூன்று நாள்கள் கழிந்தன. அக்டோபர் 27 அன்று, உள்நாட்டுத் தொடரின் இறுதி ஆட்டத்தில் இவ்விரு கழகங்களும் பட்டத்துக்காக மோதின. அதுவரை இரண்டும் தலா 59 புள்ளிகள் பெற்றுச் சமநிலையில் இருந்தன. ஆட்டம் நடைபெற்றது வீக்கிங்குரின் ஆடுகளத்தில். அதில் பிரெய்தாபிலிக் 3–0 என வென்று பட்டத்தைக் கொண்டுசென்றது. ஒரே வாரத்தில், பிரெய்தாபிலிக்கின் தரையில் வீக்கிங்குர் வரலாறு படைத்தது. வீக்கிங்குரின் தரையில் பிரெய்தாபிலிக் வாகை சூடியது. ஐரோப்பிய ஆட்டத்துக்குத் தன் களத்தைத் தந்த கழகமும், அக்களத்தில் ஆடி வென்ற கழகமும் மூன்றாம் நாள் எதிரெதிரே நின்றன. சிறிய நாட்டில் போட்டியும் உதவியும் ஒரே வேலியின் இரு பக்கங்கள் என்பதை இது காட்டுகிறது.

வீக்கிங்குரின் ஐரோப்பியப் பயணம் 2025 பிப்ரவரி வரை நீடித்தது. கிரேக்க நாட்டின் பானதினைகோஸ் அணியுடன் ஆட வேண்டிய நாக்-அவுட் சுற்றின் முதல் ஆட்டம் அதன் சொந்த ஊர் ஆட்டம். ஆனால், கடுங்குளிரில் ஐரோப்பிய விதிகளுக்கேற்ற ஆடுகளம் எதுவும் ஐஸ்லாந்தில் அப்போது ஆயத்தமாக இல்லை. ஆகவே, ‘சொந்த ஊர்’ ஆட்டத்தை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவில், பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் அவ்வணி ஆடியது. 2–1 என வென்றது. ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற இரண்டாம் ஆட்டத்தில், இறுதி நிமிடங்களில் விழுந்த கோலால் 0–2 எனத் தோற்றுப் போட்டியிலிருந்து விடைபெற்றது.

வெற்றி எழுப்பும் வினா

ஐரோப்பியச் சுற்றுகளில் நுழைவது புகழை மட்டும் தருவதில்லை, பணத்தையும் தருகிறது. கான்ஃபரன்ஸ் லீக் முதன்மைச் சுற்றில் இடம்பெறும் கழகத்துக்குத் தொடக்கத் தொகையாகவே ஏறத்தாழ 30 இலட்சம் யூரோ கிடைக்கிறது. பெரிய நாட்டின் கழகத்துக்கு அது சிறுதொகை. வீரர்கள் வேறு பணிகளும் பார்த்து வாழும் ஒரு லீக்கிலோ அது நிலைமையையே மாற்றவல்ல பெருந்தொகை. அதைப் பெற்ற கழகம் கூடுதல் ஊதியம் தந்து சிறந்த வீரர்களைச் சேர்க்கலாம். அதனால் மீண்டும் பட்டம் வெல்லலாம். மீண்டும் ஐரோப்பாவுக்குச் செல்லலாம். பெறுவோரே மேலும் பெறும் வட்டம் இது. இங்கிலாந்தின் பெருங்கழகங்களில் ஆடிய கில்வி சிகுர்த்சன் 2025இல் வீக்கிங்குரில் சேர்ந்ததும், அவ்வாண்டு அக்கழகம் தொடர் முடியும் முன்பே பட்டத்தை உறுதி செய்ததும் இங்கு எண்ணத்தக்கன.

அண்டை நாடான நார்வேயில் இவ்வட்டம் எங்குக் கொண்டுசென்றது என்பதை வரலாறு காட்டுகிறது. அங்கு ரோசன்போர்க் என்னும் கழகம் சாம்பியன்ஸ் லீக் போட்டிகளில் இடைவிடாது இடம்பெற்றது. உள்நாட்டில் அது 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் பட்டம் வென்றது. வெல்பவர் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால், ஏனைய ஊர்களின் மைதானங்களில் ஆர்வம் குன்றுவது இயல்பு.

ஐஸ்லாந்தில் அந்நிலை இன்னும் வரவில்லை என்பதற்கு 2025ஆம் ஆண்டே சான்று. வடமேற்கு மலைக்கடலோரப் பகுதியில், ஏறத்தாழ மூவாயிரம் பேர் மட்டுமே வாழும் இசாஃபியோர்தூர் என்னும் ஊரின் வெஸ்ட்ரி கழகம், அவ்வாண்டின் தேசியக் கோப்பை இறுதியாட்டத்தில் வாலுர் கழகத்தை வீழ்த்திக் கோப்பையை வென்றது. இரண்டு மாதங்களுக்குப்பின், தொடரின் கடைசி நாளில், 27 பட்டங்கள் பெற்ற கே.ஆர். கழகம் இரண்டாம் நிலைக்கு இறங்கும் அச்சத்தோடு அதே ஊருக்குச் சென்றது. அன்று கே.ஆர். வென்று தப்பியது, கோப்பை வென்ற வெஸ்ட்ரியோ இரண்டாம் நிலைக்கு இறங்கியது. சிற்றூர் கோப்பை வெல்லவும் பெருங்கழகம் வீழ்ச்சியின் விளிம்பில் நிற்கவும் இடமிருக்கும்வரை, ஒரு தொடருக்கு உயிர் இருக்கிறது.

அவ்வுயிரைக் காக்கும் வழி யாது? ஐரோப்பியப் போட்டியில் பங்கேற்காத கழகங்களின் இளையோர் பயிற்சிக்கென ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் ஒரு தொகையைப் பகிர்ந்தளிக்கிறது. அது இடைவெளியைச் சற்றே குறைக்கலாம், முற்றிலும் நீக்காது. அதைவிட உறுதியான காப்பு, உள்ளாட்சி மன்றங்கள் ஊர்தோறும் கட்டிய அரங்குகளும், அங்குக் காத்திருக்கும் கற்ற பயிற்றுநர்களுமே. பணத்தால் ஒரு கழகம் ஆயத்த வீரர்களை வாங்க இயலும். ஆனால், வீரர்கள் பிறக்கும் இடம் ஓரூருக்கு மட்டும் உரியதாகாமல் நாடெங்கும் பரவியிருந்தால், எவ்வூரும் ஒருநாள் எழுந்து வருவதற்கு வழி இருக்கும்.

நிறைவாக

ஐஸ்லாந்தின் லீக், உலகின் வலிமைமிக்க லீக்குகளுள் ஒன்றன்று. அதன் சிறந்த வீரர்கள் அதில் நீடிப்பதில்லை; அதன் பட்டம் வென்ற அணி, சொந்த ஊர் ஆட்டத்தைக் கடல் கடந்து ஆட நேர்ந்தது. ஆயினும், பனியும் இருளும் இடையில் நின்றபோதும் அந்நாட்டு மக்கள் ஆட்டத்தைச் சிலருக்கு மட்டும் உரிய காட்சிப்பொருளாக ஆக்கவில்லை. எல்லாருடைய பிள்ளைகளுக்கும் உரிய பயிற்சியாக்கினர். தேசிய அணியின் வெற்றிகள் அந்த முடிவின் விளைவே.

1908இல் சிறுவர்கள் காசு சேர்த்தது ஒரு பந்துக்காக. வாங்கிய பந்து அவர்களுள் எவர் ஒருவருக்கும் தனியே உரியதன்று. கூடிய அனைவருக்கும் உரியது. வெற்றியும் பணமும் வந்து சேரும் இந்நாளிலும் அந்தப் பொதுமையை இழவாதிருப்பதே, பள்ளத்தாக்கின் இரு கரைகளுக்கும் அவற்றுக்கு அப்பால் உள்ள எல்லா ஊர்களுக்கும் முன்னே நிற்கும் உண்மையான ஆட்டம்.